லூவரின் நகைகள்: விற்றதும் மீட்டதும் பறிகொடுத்ததும்

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை. பாரிஸில் உள்ள லூவர் அருங்காட்சியகம் திறந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. சேன் நதியை ஒட்டிய சாலையில் ஏணி பொருத்திய லாரி ஒன்று வந்து நின்றது. மாடிப்படி குறுகலான பாரிஸில் வீடு மாற்றுபவர்கள் பீரோவையும் கட்டிலையும் ஜன்னல் வழியாக ஏற்ற வைத்திருக்கும் வண்டி அது. தெருவில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் இருவர் முதல் மாடி பால்கனிக்கு ஏறி, ஜன்னலை அறுத்து, உள்ளே இரண்டு கண்ணாடிப் பெட்டிகளையும் அறுத்து ஒன்பது நகைகளை எடுத்தார்கள். ஓடும்போது ஒன்று கீழே விழுந்தது. மற்ற எட்டும் ஸ்கூட்டரில் போய்விட்டன. எல்லாம் 8 நிமிடத்துக்குள்.

செய்தியைப் படித்தவர்களுக்கு மூன்று குழப்பங்கள் வந்தன. ஓவியத்துக்கும் சிலைக்கும் பேர்போன இடத்தில் ராணியம்மாவின் நகைக்கு என்ன வேலை? 8.8 கோடி யூரோ மதிப்புள்ள பொருளுக்கு இன்சூரன்ஸே கிடையாதாமே, அது எப்படி? பாதுகாப்புக்குப் பணம் போதவில்லை என்றால், கிடங்கில் கிடக்கும் லட்சக்கணக்கான பொருட்களில் நாலைந்தை விற்றால் ஆகாதா?

மூன்றுக்கும் பதில் வேண்டுமென்றால் இந்தச் சேகரிப்பு எப்படிச் சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் கட்டடம்

லூவர் அருங்காட்சியகமாகக் கட்டப்பட்டது அல்ல. 1190 வாக்கில் இரண்டாம் பிலிப் மன்னர் நகரத்தின் மேற்கு எல்லையைக் காக்க எழுப்பிய கோட்டை அது. அந்தக் கோட்டையின் அடிச்சுவரை இன்றும் நிலத்தடித் தளத்தில் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கலாம். 1546இல் முதலாம் பிரான்சுவா அதை அரண்மனையாக மாற்றத் தொடங்கினார். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1682இல் பதினான்காம் லூயி அரசவையை வெர்சாய்க்கு மாற்றியதும் லூவர் அரசன் இல்லாத அரண்மனையாகிவிட்டது.

மன்னராட்சி கவிழ்ந்த நாள் 1792 ஆகஸ்ட் 10. சரியாக ஓராண்டு கழித்து, 1793 ஆகஸ்ட் 10 அன்று, 537 ஓவியங்களோடு லூவர் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தேதியைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நேற்றுவரை அரசன் வீட்டுச் சுவரில் தொங்கியது இன்று உங்களுடையது என்று சொல்லும் விழா அது.

இன்று அங்கே சுமார் 5 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. காட்சியில் இருப்பவை 35,000 அளவுக்குத்தான். 2024இல் மட்டும் 87 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். ஓவியம், சிலை மட்டுமல்லாமல் எகிப்து, மெசபடோமியா, கிரேக்கம், இஸ்லாமியக் கலை என்று பிரிவுகள் உண்டு. அவற்றில் அலங்காரக் கலைப் பிரிவும் ஒன்று. நாற்காலி, கடிகாரம், பீங்கான், கிரீடம் எல்லாம் அதில் அடக்கம். நகைகள் அந்தப் பிரிவின் கணக்கில் வருபவை.

அவை இருந்த அப்போலோ கூடத்துக்கே தனி மதிப்பு உண்டு. 1661இல் அந்தப் பகுதி தீயில் எரிந்தது. பதினான்காம் லூயிக்குத் தன்னைச் சூரியனாகக் காட்டிக்கொள்வதில் ஆசை அதிகம். எனவே ஓவியர் லெ புரூனை வைத்துச் சூரியக் கடவுள் அப்போலோவின் பெயரில் அதைப் புதுப்பிக்கச் சொன்னார். லெ புரூனாலும் வேலையை முடிக்க முடியவில்லை. கூரையின் நடு ஓவியத்தை 1851இல் தெலாக்ரோவாதான் வரைந்து முடித்தார். ஆக, நகைப்பெட்டியே ஒரு கலைப்பொருள். ஆனால் பெட்டகத்துக்கு உள்ள உறுதியை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. வெளிச்சத்துக்காகப் பெரிய ஜன்னல்களும் ஆற்றைப் பார்க்கப் பால்கனியும் வைத்துக் கட்டிய கூடம் அது.

பொருட்கள் வந்த நான்கு வழிகள்

1. அரசரின் சொத்து. மோனலிசாவை நெப்போலியன் இத்தாலியிலிருந்து அள்ளி வந்தார் என்று நம் ஊரிலும் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முதலாம் பிரான்சுவாவின் அழைப்பின் பேரில் லியனார்டோ 1516இல் பிரான்சுக்கு வந்தார், 1519இல் அங்கேயே இறந்தார். அவரோடு வந்த படம் மன்னர் வீட்டுச் சொத்தானது. 1911இல் அதைத் திருடிய வின்சென்சோ பெருஜ்ஜாவுக்கும் இந்தத் தவறான எண்ணம்தான். இத்தாலிக்குத் திருப்பித் தரவே எடுத்தேன் என்றார். படம் 1913 டிசம்பரில் ஃபுளோரன்ஸில் சிக்கியது.

2. பறிமுதல். புரட்சியின்போது தேவாலயங்களின் சொத்து நாட்டுடைமையானது. நாட்டை விட்டு ஓடிய பிரபுக்களின் வீடுகளில் இருந்ததும் அரசுக் கணக்கில் சேர்ந்தது.

3. போர். நெப்போலியன் ஜெயித்த இடங்களிலெல்லாம் கலைப்பொருள் தருவதையும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகப் போட்டார். 1797இன் தொலெந்தினோ ஒப்பந்தப்படி போப்பிடமிருந்து 100 பொருட்கள் வந்தன. லூவருக்கே சில ஆண்டுகள் 'நெப்போலியன் அருங்காட்சியகம்' என்று பெயர். 1815இல் அவர் தோற்றதும் ஆயிரக்கணக்கில் திரும்பிப் போயின.

4. அகழ்வு, விலை, கொடை. பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டங்கள் பொறித்த கல்லை 1901–02இல் ஈரானின் சூசாவில் பிரெஞ்சுக் குழு தோண்டியெடுத்தது. மருத்துவர் லூயி லா காஸ் 1869இல் உயில் எழுதித் தந்தது 583 ஓவியங்கள்.

மூன்றாவது வழியில் வந்து திரும்பிப் போகாமல் நின்றுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மோனலிசாவுக்கு நேர் எதிரே சுவரை அடைத்துக்கொண்டு தொங்கும் வெரொனேசேயின் 'கானா ஊர்த் திருமணம்' வெனிஸில் ஒரு மடத்தின் சாப்பாட்டு அறைக்காக வரைந்தது. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். கொண்டுவர முடிந்தது, ஆனால் திருப்பி அனுப்பச் சொன்ன நேரத்தில், இவ்வளவு பெரிய துணி பயணத்தைத் தாங்காது என்று காரணம் சொன்னார்கள். பதிலுக்கு லெ புரூனின் படம் ஒன்று வெனிஸுக்குப் போனது. வெனிஸ்காரர்களுக்கு லாபமான மாற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நகைகளுக்குத் தனிக் கதை, அதில் சென்னைக்கும் ஓர் இடம்

1530இல் முதலாம் பிரான்சுவா ஓர் ஏற்பாடு செய்தார். எட்டு நகைகளைப் பிரித்தெடுத்து, இவை என்னுடையவை அல்ல, மகுடத்துக்குரியவை, எனக்குப் பின் வரும் மன்னர்களும் விற்கக் கூடாது என்று எழுதி வைத்தார். மகுட நகைகள் என்ற தொகுப்பு பிறந்தது அப்படித்தான். அரசனின் சொந்தச் சொத்து வேறு, பதவிக்குரிய சொத்து வேறு என்ற இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் திருடு போன எட்டையும் புரிந்துகொள்ள இது வேண்டும்.

தொகுப்பு வளர்ந்தது. அதன் தலைக்கல் 'ரீஜெண்ட்' வைரம். கோல்கொண்டா வட்டாரத்துச் சுரங்கத்தில் கிடைத்த கல் அது, பட்டை தீட்டுமுன் 410 காரட். ஜாம்சந்த் என்ற வியாபாரி அதைச் சென்னை ஜார்ஜ் கோட்டைக்குக் கொண்டுவந்து கவர்னர் தாமஸ் பிட்டிடம் காட்டினார். கேட்ட விலை 2 லட்சம் வராகன். பேரம் நடந்து நடந்து 48,000 வராகனில் படிந்தது. 1702இல் பிட் தன் மகன் கையில் கொடுத்து அதை லண்டனுக்கு அனுப்பினார். பட்டை தீட்டியபின் 140 காரட் சொச்சம். 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஓர்லியான்ஸ் கோமகனுக்கு விற்றார்கள். அந்தப் பதவியின் பெயர்தான் வைரத்துக்கு வந்தது. கும்பினிச் சம்பளக்காரர் ஒருவர் ஒரே கல்லில் குடும்பத்தையே தூக்கி நிறுத்திவிட்டார். அந்தக் குடும்பத்திலிருந்து பின்னால் இரண்டு பிரிட்டிஷ் பிரதமர்கள் வந்தார்கள்.

1792 செப்டம்பரில் முதல் பெரும் திருட்டு. இன்றைய கொங்கோர்து சதுக்கத்தில் இருந்த அரசுக் கிடங்கின் முதல் மாடி ஜன்னல் வழியாகத் திருடர்கள் ஏறினார்கள். ஒரு ராத்திரியோடு நிற்காமல் பல ராத்திரிகள் வந்து போனார்கள். ரீஜெண்ட் அடுத்த ஆண்டு ஒரு பரணில் உத்தரத்துக்குள் ஒளித்த நிலையில் கிடைத்தது. அப்புறம் புரட்சி அரசு போர்ச் செலவுக்காக அதைப் பெர்லினிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அடகு வைத்தது. மீட்டது நெப்போலியன். மீட்டுத் தன் வாளின் பிடியில் பதித்துக்கொண்டார்.

1887: அரசே போட்ட ஏலம்

1870இல் மூன்றாம் நெப்போலியன் வீழ்ந்தார். வந்த குடியரசுக்கு ஒரு பயம். மன்னராட்சிக் கட்சிகள் இன்னும் பலமாக இருக்கின்றன. கிரீடம் கைவசம் இருந்தால் அதைச் சூட்ட ஒரு தலையைத் தேடமாட்டார்களா? 1886 டிசம்பரில் விற்பனைக்குச் சட்டம் வந்தது. 1887 மே மாதம் லூவர் அரண்மனையின் ஃபுளோர் மண்டபத்திலேயே ஏலம் நடந்தது. உலகின் நகைக்கடைக்காரர்கள் திரண்டார்கள். அமெரிக்காவின் டிஃபனி கடை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியது.

வரலாற்று மதிப்பு உண்டு என்று சிலவற்றை மட்டும் எடுத்து வைத்தார்கள். ரீஜெண்ட் லூவருக்கு வந்தது அப்போதுதான். கொஞ்சம் கற்கள் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் சுரங்கக் கல்லூரிக்கும் போயின. மற்றதெல்லாம் போனது போனதுதான். வாங்கியவர்கள் பலர் நகைகளைக் கலைத்துக் கல்லைத் தனித்தனியாக விற்றார்கள்.

என் பார்வையில் 2025 திருட்டைவிடப் பெரிய இழப்பு இது. 1530இல் ஒரு மன்னன் விற்கக் கூடாது என்று எழுதியதை, மக்கள் சொத்து என்று பேசிய குடியரசு சட்டம் போட்டு விற்றது. அந்தத் தவறு லூவருக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அதற்குப் பின் அவர்கள் வாங்கிய பட்டியலே சாட்சி.

திருடு போன எட்டும் எப்படி வந்தவை?

எட்டையும் மகுட நகைகள் என்று செய்திகள் எழுதின. சரியாகச் சொன்னால் மூன்று வகை.

1. 1887இல் விற்கப்பட்டு மீண்டும் வாங்கியவை. மூன்றாம் நெப்போலியனின் மனைவி பேரரசி யூஜெனியின் முத்து டியாரா (தலையில் சூடும் நகை) ஜெர்மானியப் பிரபுக் குடும்பம் ஒன்றிடம் நூறு வருடம் இருந்தது. 1992இல் அவர்கள் ஏலத்துக்கு விட, 'லூவரின் நண்பர்கள்' சங்கம் வாங்கித் தந்தது. ரிப்பன் முடிச்சு வடிவிலான அவரது வைர ப்ரூச் (ஆடையில் குத்தும் நகை) நியூயார்க்கின் ஆஸ்டர் குடும்பத்துக்குப் போய், 2008இல் சுமார் 67 லட்சம் யூரோவுக்குத் திரும்பி வந்தது.

2. மகுடத்துக்கு எப்போதுமே சொந்தமாகாதவை. நெப்போலியன் 1810இல் இரண்டாம் மனைவி மரீ லூயிஸுக்குக் கல்யாணப் பரிசாகத் தந்த மரகத செட் அவருடைய தனிச் சொத்து. அட்டிகையும் ஒரு ஜோடி கம்மலும் 2004இல் லூவருக்கு வந்தன. லூயி பிலிப் மன்னரின் மனைவி மரீ அமெலியும் அவருக்கு முன் நெப்போலியனின் வளர்ப்பு மகள் ஓர்தான்ஸும் அணிந்த நீலக்கல் டியாரா, அட்டிகை, ஒற்றைக் கம்மல் மூன்றையும் 1985இல் ஓர்லியான்ஸ் குடும்பத்திடமிருந்து வாங்கினார்கள்.

3. 1887இல் விற்காமல் நிறுத்தி வைத்தது ஒன்றே ஒன்று: யூஜெனிக்காகச் செய்த, 'புனிதப்பொருள் ப்ரூச்' என்று அழைக்கப்படும் நகை. கார்டினல் மசாரின் 1661இல் மகுடத்துக்கு எழுதி வைத்த வைரங்களில் இரண்டு இதில் இருப்பதாகக் கருதப்படுகிறது.

ஆக, எட்டில் ஏழு கடைசி நாற்பது ஆண்டுகளில் பணம் கொடுத்தோ கொடை கேட்டோ ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. அந்த நாற்பது வருட உழைப்புதான் 8 நிமிடத்தில் போனது.

கீழே விழுந்தது யூஜெனியின் கிரீடம். 1,354 வைரம், 56 மரகதம். கண்ணாடியில் அறுத்த குறுகலான இடைவெளி வழியாக வெளியே இழுத்ததில் நசுங்கியிருக்கலாம் என்று அருங்காட்சியக இயக்குநர் செனட்டில் சொன்னார்.

இன்சூரன்ஸ் ஏன் இல்லை? விற்க ஏன் முடியாது?

இரண்டும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கங்கள்.

லூவரின் நிரந்தரச் சேகரிப்பு லூவர் நிறுவனத்துக்குச் சொந்தமல்ல, பிரெஞ்சு அரசுக்குச் சொந்தம். அரசு தன் சொத்துக்குத் தானே காப்பீட்டாளர் என்பது அங்கே நடைமுறை. 5 லட்சம் பொருட்களுக்கு வருடாவருடம் பிரீமியம் கட்டினால் கட்டுப்படியாகாது. அப்படியே கட்டி இழப்பீடு வாங்கினாலும் அந்தப் பணத்துக்கு இன்னொரு யூஜெனி டியாரா எந்தக் கடையிலும் கிடைக்காது. வேறு ஊர்க் கண்காட்சிக்கு இரவல் போகும்போது மட்டும் காப்பீடு உண்டு. அந்தத் துறையில் அதற்கு 'ஆணிக்கு ஆணி' என்று பெயர். நம் சுவர் ஆணியிலிருந்து கழற்றிய நிமிடம் முதல் திரும்ப வந்து அதே ஆணியில் மாட்டும்வரை பாதுகாப்பு என்று பொருள். அப்போலோ கூடத்தின் நகைகள் ஆணியை விட்டு நகரவில்லை, எனவே ஒரு யூரோவும் வராது.

விற்பனை விஷயத்தில் 2002 ஜனவரியின் அருங்காட்சியகச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பொது அருங்காட்சியகச் சேகரிப்பில் சேர்ந்த பொருள் கைமாற்ற முடியாதது. எத்தனை வருடம் அனுபவித்தாலும் வேறொருவருக்கு அதில் உரிமை வராது. இயக்குநர் நினைத்தாலும் அமைச்சர் நினைத்தாலும் ஒரு கரண்டியைக்கூட விற்க முடியாது. அமெரிக்க அருங்காட்சியகங்கள் சில நேரம் சேகரிப்பிலிருந்து விற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வினோதமாகத் தோன்றும். 1887ஐத் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது.

இந்தப் பூட்டு நல்ல காரியத்துக்கும் தடையாக நின்றிருக்கிறது. காலனிய காலத்தில் பெனின் நாட்டிலிருந்து எடுத்துவந்த 26 பொருட்கள் இன்னொரு பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றைத் திருப்பித் தர 2020 டிசம்பரில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. நாஜிகள் யூதர்களிடம் பறித்தவற்றைத் தருவதற்கு 2023இல்தான் பொதுச் சட்டம் வந்தது. அதுவரை அவற்றுக்கும் தனிச் சட்டம்தான்.

கற்களைப் பெயர்த்துவிட்டால்?

மோனலிசாவைத் திருடியவரால் அதை விற்க முடியவில்லை, இரண்டு வருடம் பெட்டியில் வைத்திருந்தார். நகைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தங்கத்தை உருக்கலாம், கல்லைப் பெயர்த்து மறுபட்டை தீட்டலாம். 8.8 கோடி யூரோவில் பெரும்பகுதி அத்தோடு காணாமல் போகும், மிஞ்சுவது கல் விலை மட்டும். திருடனுக்கு அது போதும்.

நடந்திருக்கிறது. 1792 திருட்டில் போனவற்றில் ஒன்று பதினான்காம் லூயி வாங்கிய நீல வைரம், அதுவும் கோல்கொண்டா கல், சுமார் 69 காரட். அது திரும்பவேயில்லை. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 45.52 காரட் 'ஹோப்' வைரம் அதை வெட்டிச் செய்தது என்பதை இந்த நூற்றாண்டு ஆய்வுகள்தான் உறுதிப்படுத்தின. பழைய கல்லின் ஈய அச்சு ஒன்று 2007இல் பாரிஸ் அருங்காட்சியக இழுப்பறையில் கிடைத்து உதவியது.

திருடர்கள் வேண்டும் என்பதுகூட இல்லை. மரீ லூயிஸின் மரகத செட்டில் ஒரு டியாராவும் உண்டு. 1953இல் அது ஒரு பாரிஸ் நகைக்கடைக்குக் கைமாறியது. சட்டப்படியான வியாபாரம்தான். அவர்கள் மரகதங்களைப் பெயர்த்துத் தனித்தனியாக விற்றுவிட்டு, அந்தக் குழிகளில் டர்க்வாய்ஸ் கற்களைப் பதித்தார்கள். இன்று அந்த டியாராவும் ஸ்மித்சோனியனில்தான் இருக்கிறது. பச்சை இருந்த இடமெல்லாம் வெளிர்நீலம். அதன் ஜோடியான அட்டிகைதான் அக்டோபரில் போனது.

பணம் எங்கே போகிறது?

நவம்பரில் வெளிவந்த பிரெஞ்சுத் தணிக்கை மன்ற அறிக்கை லூவரைக் கடுமையாகச் சாடியது. 2018 முதல் 2024 வரை, கண்ணுக்குத் தெரிகிற வேலைகளுக்கே முன்னுரிமை தந்தார்கள், பராமரிப்பும் பாதுகாப்பும் பின்னால் தள்ளப்பட்டன என்றது. இதில் ஒரு விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிக்கெட் வருமானத்தில் 20 சதவீதத்தைப் புதிய பொருள் வாங்கவே செலவிட வேண்டும் என்று லூவரின் சொந்த விதி சொல்கிறது. அந்தக் கட்டாயத்தைக் கைவிடச் சொன்னது தணிக்கை மன்றம்.

இயக்குநரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. விற்க முடியாது, வாங்கியே ஆக வேண்டும், கட்டடமோ 800 வருடத்துக்கு முந்தைய வேர் கொண்டது. ஆனால் திருடர்கள் ஏறிய பக்கத்தில் இருந்த ஒரே வெளிக் கேமரா வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அந்த பால்கனி அதில் விழவே இல்லை என்று அவரே செனட்டில் ஒப்புக்கொண்டார். அதற்கு வரலாறு காரணமல்ல.

திருட்டு நடந்த சில நாட்களில் மிச்சமிருந்த நகைகளில் சில போலீஸ் காவலோடு பிரான்ஸ் வங்கியின் நிலத்தடிப் பெட்டகத்துக்குப் போயின. டிசம்பர் கடைசியில் அந்த ஜன்னலுக்கு இரும்புக் கிரில் போட்டார்கள்.